கேசட் வைத்த போன்

பிப்ரவரி 9, 1997

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

வெண்டல் எழுதுவது. எனக்கு உடம்பு தேவலை, இருமல் விட்டுவிட்டது. உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? பள்ளிக்கூடச் சமையலறையில் அந்தப் பெரிய அண்டாக்களை இன்னும் நீயேதான் தூக்குகிறாயா? இந்தக் குளிரில் அம்மாவின் இடுப்பு என்ன பாடு படுத்துகிறதோ.

சிறைக்கு வந்து நான்கு வருஷம் கழித்து வீட்டு நம்பரை என் போன் பட்டியலில் சேர்த்துவிட்டார்கள். அம்மா சம்மதித்துவிட்டாள் என்று நீ எழுதிய கடிதம் சட்டைப் பையிலேயே இருக்கிறது. எங்கள் பிளாக்குக்குச் செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரைக்கு முறை. ஆளுக்குப் பதினைந்து நிமிஷம். மூன்று செவ்வாய் கூப்பிட்டுப் பார்த்தேன். அந்தப் பக்கம் எடுக்கிற சத்தம் கேட்கிறது, ஒரு கரகரப்பு, உடனே கட்டாகிவிடுகிறது. என் அறைக்காரன் பர்விஸ் சொல்கிறான்: "உங்க வீட்ல வயர் இல்லாத போனா? அப்ப அப்படித்தான். கரகரன்னா, லைனை வேற யாருக்கோ மாத்தி விடறாங்கன்னு நினைச்சு இங்க இருக்கற மிஷினே வெட்டிடும்."

அதனால் வயர் போன் ஒன்று வாங்கு அக்கா. இங்கே நூலகத்தில் பழைய கடைக் கேட்டலாக் ஒன்று இருக்கிறது. பாதிப் பக்கம் கிழிந்தது, போன் பக்கம் மட்டும் நல்லவேளையாக இருக்கிறது. அதில் நீ வேலைக்குப் போயிருக்கும்போது வருகிற பேச்சைப் பதிவுசெய்து வைக்கிற போன் இருக்கிறது, எல்லாம் ஒரே பெட்டிக்குள். டாக்டர் வீட்டிலிருந்து கூப்பிட்டாலும் தவறாது. கரண்ட் போனாலும் வயர் போனில் பேசலாம். பட்டன் பெரிதாக இருக்க வேண்டும், முக்கியம். நான் கூப்பிட்டால் முதலில் ஒரு பெண் குரல், சிறையிலிருந்து அழைப்பு, செலவை ஏற்கச் சம்மதமானால் ஐந்தை அமுக்கு என்று சொல்லும். அம்மாவுக்கு அந்த ஐந்து கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

அம்மாவை விசாரித்ததாகச் சொல்.

தம்பி
வெண்டல்


பிப்ரவரி 23, 1997

அன்புள்ள வெண்டலுக்கு,

உன் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்து சேர்ந்தது. நானும் அம்மாவும் இருக்கிறோம். முதுகைப் பற்றிக் கேட்காதே, அது என்னோடு வந்த சொத்து.

சனிக்கிழமை ஹசார்டு டவுனுக்குப் போய்ப் போன் வாங்கிவிட்டேன். அம்மாவும் கூட வந்தாள். வண்டியை விட்டு இறங்க மாட்டாள் என்றுதான் நினைத்தேன், கடைக்குள்ளேயே வந்துவிட்டாள். கடைப் பையன், "இப்ப யாரு ஆன்ட்டி வயர் போன் வாங்கறாங்க? இதப் பாருங்க, தோட்டத்துல நின்னே பேசலாம்" என்று வேறு எதையோ நீட்டினான். அம்மா விட்டால்தானே! "தோட்டத்துல நான் உருளைக்கிழங்கோட பேசிக்கறேன். நீ அந்த வயர் வெச்சத எடு" என்றாள்.

இரண்டு விதம் இருந்தது. ஒன்று சின்னக் கேசட் போடுவது, இன்னொன்று கேசட்டே இல்லாமல் உள்ளே சிப் வைத்தது. சிப் வைத்ததுதான் புதுசு, சத்தம் சுத்தமாக இருக்கும் என்றான். அம்மா கேட்டாள்: "கரண்டு போனா உள்ள இருக்கறது என்ன ஆகும்?" பேட்டரி போடாவிட்டால் அழிந்துவிடும் என்று ஒப்புக்கொண்டான். "அப்ப கேசட்டே குடு. கேசட்டு அழியாதுல்ல?" என்று இரண்டு தடவை கேட்டாள். எனக்கு ஆச்சரியம். உன் விஷயத்தில் அவள் இவ்வளவு அக்கறை காட்டி நான் பார்த்து எத்தனை நாளாயிற்று!

பட்டனெல்லாம் பெரிசு. சத்தம் கூட்டப் பக்கத்தில் ஒரு சக்கரம் இருக்கிறது. நம் குடும்பப் பெயரைச் சொல்லி நான்தான் குரல் பதிந்தேன். "ஸ்டிடம் வீடு. இப்போ எடுக்க முடியல. பீப் அடிச்சதும் சொல்லுங்க" என்று.

நன்றாகச் சாப்பிடு.

அக்கா
வெர்னா


மார்ச் 12, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நான் இருக்கிறேன். நீங்கள் இருவரும் நலம்தானே?

உன் குரலைக் கேட்டேன்! போன செவ்வாயும் நேற்றும். இரண்டு தடவை மணி அடித்ததும் மிஷின் எடுத்துவிடுகிறது. அம்மா ஐந்தை அமுக்கினால் ஒழிய நான் பேசுவது அங்கே கேட்காது. அங்கே கேட்பது மட்டும் எனக்கு லேசாகக் கேட்கும். "ஸ்டிடம் வீடு" என்று நீ வாத்தியார் மாதிரி சொல்வதைக் கேட்டு வரிசையில் நின்றபடியே சிரித்துவிட்டேன்.

போனுக்கு அடியில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும். எத்தனை தடவை மணி அடித்த பிறகு மிஷின் எடுக்க வேண்டும் என்பதற்கு. அதை நான்குக்குத் தள்ளு. அம்மா எழுந்து வர நேரம் வேண்டுமே.

கூப்பிடும்போது பெயர் சொல்லச் சொல்லி மூன்று விநாடி கொடுப்பார்கள். அது மட்டும் என் குரலிலேயே அங்கே வரும். நான் பெயர் சொல்வதில்லை, "நான்தான்" என்றுதான் சொல்கிறேன். கேசட்டில் அது பதிவாகியிருக்கிறதா? பார்த்துச் சொல்.

தம்பி
வெண்டல்


மார்ச் 31, 1997

அன்புள்ள வெண்டலுக்கு,

இங்கே நலம். உன் நலத்துக்கு எழுது.

சுவிட்சை நான்குக்குத் தள்ளிவிட்டேன். பதிவாகியிருக்கிறது.

புனித வெள்ளியன்று உருளைக்கிழங்கு நட்டோம். அம்மா நாற்காலி போட்டு உட்கார்ந்து என்னை அதட்டிக்கொண்டிருந்தாள். ஈஸ்டருக்குச் சர்ச்சுக்கு வரவில்லை, இடுப்பு வலி. ராய்ஸின் கல்லறைக்கு நான் மட்டும் போய்ப் பூ வைத்துவிட்டு வந்தேன். உனக்காகவும் வைத்தேன்.

அக்கா
வெர்னா


ஏப்ரல் 13, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

என்னைப் பற்றிக் கவலை வேண்டாம். துணி துவைக்கிற இடத்தில் வேலை போட்டிருக்கிறார்கள், வெதுவெதுப்பாக இருக்கிறது. ராய்ஸுக்குப் பூ வைத்ததற்கு நான் என்ன சொல்ல. அந்த வண்டி ஓடையில் இறங்கிய இடத்தை ஒவ்வொரு நாளும் மனசுக்குள் பார்க்கிறேன். கூடப்பிறந்தவனைப் பக்கத்தில் உட்காரவைத்துக் குடித்துவிட்டு ஓட்டியவன் நான். ஒரு கீறல் இல்லாமல் வெளியே வந்தவனும் நான்.

நான்கு தடவை மணி அடித்தும் மிஷின்தான் எடுக்கிறது அக்கா. யோசித்துப் பார்த்தேன். போன் சமையலறைச் சுவரில்தானே இருக்கிறது? அம்மாவின் நாற்காலி ஜன்னல் ஓரம். நடுவில் பன்னிரண்டு அடி இருக்கும், அந்த இடுப்போடு எழுந்து வருவதற்குள் நான்கு தடவையும் அடித்து முடிந்துவிடுகிறது. இருபத்தைந்து அடி வயர் தனியாகவே விற்கிறார்கள், கேட்டலாக்கில் பார்த்தேன். கீழே படம் போட்டிருக்கிறேன். சுவர் ஓரமாகவே கொண்டுபோ, அம்மா கால் தடுக்கிவிடாமல். போனை நாற்காலி பக்கத்து ஸ்டூலில் வைத்துவிடு.

அம்மா என்னைப் பற்றி ஏதாவது சொல்கிறாளா?

தம்பி
வெண்டல்


மே 5, 1997

அன்புள்ள வெண்டலுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் இரண்டு பேர் லீவு.

உன் படத்தில் இருந்தபடியே வயர் இழுத்துவிட்டேன். போன் இப்போது அம்மாவின் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கிறது. செவ்வாய்க்கிழமைகளில் அவள் ஒரு மணிக்கே போய் அங்கே உட்கார்ந்துவிடுகிறாளாம், பக்கத்து வீட்டு ஹெஸ்டர் சொன்னாள். கேசட் நிறைந்துவிட்டது, புதிது வாங்கி வா என்றாள் அம்மா. பழையதன் மேலேயே பதிந்துகொள்ளலாமே என்றதற்கு, "அத எங்கிட்ட குடு" என்று வாங்கிக்கொண்டாள்.

வேறொன்றும் விசேஷமில்லை. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா
வெர்னா


மே 18, 1997

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீ எழுதியதை எத்தனை தடவை படித்தேன் என்று பர்விஸைக் கேட்டால் சொல்வான்.

ஒரு மணிக்கே வந்து உட்காருகிறாள் என்றால் பேச நினைக்கிறாள் என்றுதானே அர்த்தம்? ஐந்தை அமுக்கத் தெரியாமல் இருக்கலாம். அந்தப் பெண் குரல் படபடவென்று சொல்லிக்கொண்டே போகும், வயதானவர்களுக்குப் பிடிபடாது. ஐந்தாம் பட்டனில் சிவப்பு நகப்பூச்சு ஒரு சொட்டு வை. அதற்குள் மே முடிந்து உனக்கு லீவு விட்டுவிடும். ஜூன் 3 செவ்வாய்க்கிழமை நீ வீட்டில் இருப்பாய். நீயே எடுத்து ஐந்தை அமுக்கி அவள் காதில் வைத்துவிடு. அவள் பேசக்கூட வேண்டாம். மூச்சு விட்டால் போதும்.

தம்பி
வெண்டல்


ஜூன் 4, 1997

அக்கா,

நேற்று நான்கு தடவை மணி அடித்தது, பிறகு மிஷின். நீ வீட்டில் இல்லையா?

வெண்டல்


ஜூன் 22, 1997

அன்புள்ள வெண்டலுக்கு,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இதைப் படித்த பிறகும் நலமாக இருக்க வேண்டும்.

நான் வீட்டில்தான் இருந்தேன்.

முதலில் ஒன்று. அம்மா ஒருநாளும் சம்மதிக்கவில்லை. உன் பட்டியலில் நம்பரைச் சேர்க்க நான்தான் பொய் எழுதினேன். உன் குரலைக் கேட்டால் இளகிவிடுவாள் என்று நினைத்தேன். ஜனவரியில் நீ கூப்பிட்டபோது கட்டானதெல்லாம் கரகரப்பினால் இல்லை, அவள் எடுத்து, பெண் குரலுக்கு நடுவில் உன் குரலைக் கேட்டதும் வைத்துவிட்டாள். நீ வயர் போன் வாங்கச் சொன்னதும், அதுதான் காரணமென்று நீ நம்பிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன். சுவிட்ச், நீள வயர், நகப்பூச்சு, எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். உனக்கு உண்மையை எழுதுவதைவிடக் கடைக்குப் போவது எனக்குச் சுலபமாக இருந்தது.

ஜூன் 3 மதியம் போன் அடித்தது. நான் எடுக்கப் போனேன். அம்மா ரிசீவர் மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டாள்.

"எடுக்காத."

"அம்மா, வெண்டல்தாம்மா."

"தெரியும். கைய எடு."

மிஷின் எடுத்தது. என் குரல், பீப், அப்புறம் அந்தப் பெண். நடுவில் உன் குரல்: "நான்தான்." அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அது முடிந்ததும் பட்டனை அமுக்கித் திரும்பப் போட்டுக் கேட்டாள். மறுபடி கேட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அவன்கிட்ட ஒரு வார்த்தை பேசினா உனக்கு என்ன குறைஞ்சு போயிடும்?"

"அவன்கிட்ட பேச எங்கிட்ட ஒண்ணும் இல்ல."

"அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்ப அவனையே கேட்டுக்கிட்டிருக்க?"

"அவன யார் கேட்டா?" என்றாள். "இது ராய்ஸ்."

எனக்குப் பயமாகிவிட்டது, புத்தி தடுமாறிவிட்டதோ என்று. என் முகத்தைப் பார்த்து அவளே சொன்னாள்: "பைத்தியம்னு நினைக்காத. யாரு கூப்பிடறான்னு எனக்குத் தெரியாதா? ரெண்டு பேருக்கும் குரல் ஒண்ணுதானே. மரம் அறுக்கற மில்லுலேருந்து சாயங்காலம் ராய்ஸ் கூப்பிடுவான் பாரு, 'நான்தான், சோள ரொட்டி மிச்சம் இருக்கா'ன்னு. எந்தக் கழுதடா பேசறது, பேரச் சொல்லுன்னு கத்துவேன். இப்ப அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வருது. நான் எடுத்து அஞ்ச அமுக்கினேன்னு வை, அடுத்த வார்த்தையில அது வெண்டல் ஆயிடும். அப்புறம் எனக்கு வாரத்துக்கு அந்த ஒண்ணும் இல்ல."

இந்த வீட்டில் ராய்ஸின் குரல் எதிலும் பதிவாகவில்லை, வெண்டல். போட்டோ இருக்கிறது, சட்டைகள் இருக்கின்றன, குரல் இல்லை. நிறைந்த கேசட் இரண்டையும் அவன் சட்டைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறாள்.

என்னைத் திட்டி எழுது. ஆனால் எழுது.

அக்கா
வெர்னா


ஜூலை 27, 1997

அன்புள்ள வெண்டலுக்கு,

உன் உடம்பு எப்படி இருக்கிறது? கடிதம் கிடைத்ததா இல்லையா என்றுகூடத் தெரியவில்லை. இங்கே மழையே இல்லை, சோளம் காய்ந்துவிட்டது.

நான்கு செவ்வாயாக நீ கூப்பிடவில்லை. அம்மா மட்டும் எப்போதும்போல ஒரு மணிக்கு உட்காருகிறாள், மூன்று மணிக்கு எழுந்திருக்கிறாள்.

அக்கா
வெர்னா


ஆகஸ்ட் 31, 1997

அன்புள்ள வெண்டலுக்கு,

நீ நலம் என்று சிறை அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொண்டேன். வேறு எதுவும் சொல்ல மாட்டோம் என்றார்கள்.

அம்மா நன்றாக இல்லை. படுக்கையிலிருந்து ஜன்னலுக்கு வர இப்போது என் தோள் வேண்டும். சாப்பாடு இரண்டு கரண்டி பீன்ஸ் சூப், அதோடு சரி. போன செவ்வாய் என்னிடம், "இந்தப் போன் கெட்டுப்போச்சு" என்றாள். நன்றாகத்தான் இருக்கிறது என்றேன். "நீ ஹெஸ்டர் வீட்டுக்குப் போய் இங்க கூப்பிட்டுப் பாரு" என்று பிடிவாதம். போனேன். கூப்பிட்டேன். நான்கு தடவை மணி அடித்து மிஷின் எடுத்தது, என் குரலையே நான் கேட்டேன். பீப் அடித்ததும் என்ன சொல்வதென்று தெரியாமல், "அம்மா, நான்தான்" என்றேன். திரும்பி வந்தால் அம்மா சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். "போன் நல்லாத்தான் இருக்கு" என்றாள்.

உன்னைக் கேட்க எனக்கு உரிமை கிடையாது. அவள் காத்திருப்பது உனக்காக இல்லை என்று உனக்கும் தெரியும். தெரிந்தேதான் கேட்கிறேன். கூப்பிடு.

அக்கா
வெர்னா


செப்டம்பர் 17, 1997

அன்புள்ள வெர்னா அக்காவுக்கு,

வெண்டல் எழுதுவது. உடம்புக்கு ஒன்றுமில்லை. நீ எழுதிய மூன்று கடிதங்களும் கிடைத்தன. உன்மேல் கோபம் இல்லை. அம்மா எடுக்க மாட்டாள் என்று எனக்கு மார்ச் மாதமே தெரியும். போனில் கோளாறு என்றால் சரிசெய்துவிடலாம், அதனால் போனைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தேன். நீயும் கடைக்குப் போய்க்கொண்டிருந்தாய். அவ்வளவுதான்.

ஆனால் ராய்ஸ் விஷயம் எனக்குத் தெரியாது. அதைப் படித்த அன்று அம்மாவுக்கு ஒரு கடிதம் எழுதினேன். வண்டியில் செத்தது நானாக இருந்திருந்தால் ராய்ஸ் குரலில் என்னைத் தேடியிருப்பாயா என்று கேட்டிருந்தேன். நான்கு நாள் வைத்திருந்து கிழித்துப்போட்டேன். பதில் எனக்கே தெரிகிற கேள்வியை எதற்குக் கேட்பது? அதற்குப் பிறகு செவ்வாய்க்கிழமைகளில் வரிசையில் நின்று, என் முறை வரும்போது பின்னால் இருப்பவனுக்குக் கொடுத்துவிட்டேன்.

நேற்று கொடுக்கவில்லை. கூப்பிட்டேன். பெயர் கேட்டது. ராய்ஸ் 'நான்தான்' என்பதில் முதல் எழுத்தைக் கொஞ்சம் இழுப்பான், நினைவிருக்கிறதா, பாதிச் சிரிப்போடு. அப்படி இழுத்துச் சொன்னேன். காலையிலிருந்து துவைக்கிற மிஷின் சத்தத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வாயில் வந்துவிட்டது. அவனே என் வாய்க்குள் இருந்த மாதிரி இருந்தது அக்கா.

நான்கு தடவை மணி அடித்தது. உன் குரல். பீப். பெண் குரல் எல்லாவற்றையும் சொல்லி முடித்தது. அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சிட்டது. லைன் கட்டாகிவிட்டது.

இனி செவ்வாய்தோறும் கூப்பிடுவேன், அவள் இருக்கும்வரை. நான் வெளியே வர இன்னும் ஆறு வருஷம். அதுவரை அவள் இருக்க மாட்டாள். நீ எடுக்க வேண்டாம். அவள் கையைத் தள்ளவும் வேண்டாம்.

பின்னால் நின்ற பர்விஸ், "என்னடா, ஒரு நிமிஷத்துல முடிச்சிட்ட? யாருகிட்ட?" என்றான்.

"எங்க அம்மாகிட்ட."

"என்ன சொன்னாங்க?"

"ஒண்ணும் சொல்லல," என்றேன். "கேட்டுக்கிட்டாங்க."

உன் முதுகைப் பார்த்துக்கொள். அண்டாவை இரண்டு பேராகத் தூக்குங்கள்.

தம்பி
வெண்டல்